பூண்டுகூடச் சேர்க்காத பாம்பு

ஒரு காட்டில் கோதண்டம் என்று ஓர் எலி இருந்தார். காடு என்றதும் புலி, அருவி என்று கற்பனை பண்ணிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நாலு ஆபீசும் ஒரு பஸ் ஸ்டாண்டும் இருக்கிற காடுதான். கோதண்டத்துக்கு நில அளவைத் துறையில் உத்தியோகம். ஆனால் மனுஷனை, மன்னிக்கவும், எலியை ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார விடமாட்டார்கள். சாமானைப் பிரித்து, பால் காய்ச்சி, பக்கத்து வளைக்காரர் முகம் பழகுவதற்குள் மாற்றல் வந்துவிடும்.

கல்யாணமும் ஆகவில்லை. இப்படி ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் "வந்தாச்சா?" என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. அந்தத் தனிமை அவரைப் போட்டு வாட்டியது. கிளி வளர்த்துப் பார்த்தார். பழைய வீட்டுக்காரரைப் பற்றி அவர் புலம்பியதையெல்லாம் அது புது வீட்டுக்காரரிடம் ஒப்பித்தது. மீன் வளர்த்தார். வண்டி குலுங்கியதில் தொட்டி உடைந்தது. கடைசியில், பாம்புதான் சரி என்று முடிவு செய்தார். குரைக்காது, முடி கொட்டாது, ஒரு பானைக்குள் சுருட்டி வைத்தால் எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

"எலிக்கு ஏன்யா இந்த வேலை?" ஆபீசில் முள்ளம்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. "அது உன்னைத் தின்னுடும்யா!"

"எல்லாம் நாம வளர்க்கிற விதத்துல இருக்கு," என்றார் கோதண்டம். அவர் கவலை வேறு. புது ஊரில் பார்த்து வைத்திருந்த வீடு கொக்கு சதாசிவத்தினுடையது. நெற்றி நிறைய விபூதியும் ஒற்றைக் காலுமாக நின்றுகொண்டு அது கண்டிப்பாகச் சொல்லியிருந்தது: "வீட்டுக்குள்ள அசைவம் சமைக்கக் கூடாது. வாசனையே வரக் கூடாது. மத்தபடி உங்க சௌகரியம்." சொல்லிவிட்டு அவசரமாகக் குளத்துப் பக்கம் பறந்து போனது.

ஆகவே, நரி பக்கிரியின் பாம்புக் கடையில் கோதண்டம் ரொம்ப யோசித்துத்தான் பார்த்தார்.

"மலைப்பாம்பு பாருங்க சார். பரம சாது."

"அதுக்கு லாரி பிடிக்கணுமே. என்கிட்ட இருக்கறது தள்ளுவண்டி."

"அப்ப நல்ல பாம்பு?"

"ஐயையோ! போன ஊர்ல எதிர் வீட்டுக்காரர் வெச்சிருந்தார். செவ்வாய்க்கிழமையானா பொம்பளைங்க பாலும் முட்டையுமா வந்து நின்னுடறாங்க. மஞ்சத் துணி கட்டிட்டாங்க. மாற்றல் வந்தப்போ அவரைக் காலி பண்ணவே விடல. இன்னைக்கும் அங்க மணி ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கார்."

"பச்சைப் பாம்பு?"

"கொடியில தொங்கினா கண்ணுக்கே தெரியாது. சாமான் ஏத்துற அவசரத்துல விட்டுட்டுப் போயிடுவேன்."

"எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்றீங்க," என்று சலித்துக்கொண்டே நரி ஒரு மண்ணுளிப் பாம்பை எடுத்துப் போட்டது. கட்டை குட்டையாக, போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது. "இதுல தலையும் வாலும் ஒரே மாதிரி. எந்தப் பக்கம் தூக்கினாலும் கோவிச்சுக்காது."

கோதண்டம் முக்கியமான கேள்விக்கு வந்தார். "சைவமா?"

நரி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பூண்டுகூடச் சேர்க்காது சார்."

பாம்பையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று கோதண்டத்துக்குத் தோன்றவில்லை. சாந்தா என்று பெயர் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அடடா, அந்த நாட்கள்! தினமும் ஆபீஸ் விட்டதும் ஓடி வருவார். மேலதிகாரி ஓநாய் சொன்னது, தான் மனசுக்குள் பதில் சொன்னது எல்லாவற்றையும் சாந்தாவிடம் கொட்டுவார். அது எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒருத்தர் இருப்பதாக நினைத்து அவருக்குக் கண் கலங்கும். தயிர் சாதம் பிசைந்து அதன் முன்னால் வைப்பார். வைத்தது வைத்தபடி இருக்கும். "இன்னைக்கும் விரதம்," என்று கொக்கிடம் பெருமையாகச் சொல்வார். கொக்கு பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

வழக்கம்போல மாற்றல் வந்தது. இந்த முறை கோதண்டம் முகம் சுளிக்கவில்லை. பானையைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, "சாந்தா, இந்தத் தடவை நான் தனியாப் போகலம்மா," என்றார்.

"சார், ஒரு சந்தேகம்," என்று முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது.

கோதண்டம் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். "வாய் இந்தப் பக்கமா?"

"ஆமா சார். நீங்க இவ்வளவு நாளா வாலுக்குத்தான் சாதம் வெச்சீங்க."

"அட கஷ்டமே! சொல்லக் கூடாதா?"

"சொன்னாலும் தயிர் சாதம்தானே வெச்சிருப்பீங்க? அதை விடுங்க. வீட்டுக்காரர் அசைவம் சமைக்கக் கூடாதுன்னுதானே சொன்னார்?"

"ஆமா, சமைக்கவே கூடாது. அதுல ரொம்பக் கண்டிப்பு."

"சமைக்கல சார்," என்று சொல்லிவிட்டு சாந்தா வாயைத் திறந்தது.

காலையில் சாவி வாங்க வந்த கொக்கு, நடுவில் உப்பிக் கிடந்த பாம்பைப் பார்த்தது. "கோதண்டம் எங்கே?"

"உள்ளே இருக்கார்."

கொக்குக்குப் பகீரென்றது. நேரே சமையலறைக்கு ஓடி மோப்பம் பிடித்துப் பார்த்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தது. "உண்மையைச் சொல்லு. அடுப்பு பத்த வெச்சியா?"

"இல்லீங்க."

"எண்ணெய், மசாலா ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க. அப்படியே."

கொக்குக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. "அதானே பார்த்தேன்! பாவம், தங்கமான குடித்தனக்காரர். சுவத்துல ஒரு ஆணி அடிச்சதில்லை." வாசலில் 'வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்' என்று பலகையை மாட்டிவிட்டு, காலைப் பலகாரத்துக்கு நேரமாகிவிட்டதென்று குளத்துக்குப் பறந்தது.

நீதி: வாடகை வீட்டில் பாம்பு வளர்க்கிறவர், வீட்டுக்காரருக்குப் பிடித்த பாம்பாகப் பார்த்து வாங்கினால், வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் வராது.