குழவிக் கல்லுக்கு வைத்த பெயர்

சதாரா,
தீபாவளிக்கு நான்கு நாள் முன்.

சிரஞ்சீவி மகரந்துக்கு அக்கா அபோலி எழுதுவது. உனக்கும் ருதுஜாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதங்கள். இங்கே நான் சௌக்கியம், உன் அத்தான் சௌக்கியம், நீ விசாரித்திருக்கும் குழவிக் கல்லும் பரம சௌக்கியம்.

நேற்று போனில் நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். ஒரு மாதமாகப் பேசாத தம்பி, எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அக்கா, என் மாமியாரோட குழவியைத் திருப்பி அனுப்பிடு, அம்மி சும்மா கிடக்கு" என்று ஒன்றரை வரி. போனிலேயே பதில் தட்டினால் கோபம் பாதியில் ஆறிவிடும் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. உன் மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

பன்னிரண்டாம் நாள் தொட்டிலில் போடும்போது குழந்தையின் காதில் பெயர் சொல்வது அப்பாவோடு பிறந்தவள். இது நான் கொண்டுவந்த சட்டம் இல்லை. சதாராவிலும் அப்படித்தான், உங்கள் புனேயிலும் அப்படித்தான். எனக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள், அவர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் என் நாத்தனார்கள். ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைக்க இந்தப் பிறவியில் எனக்கிருந்த வாய்ப்பு இது ஒன்றுதான், மகரந்த். உன் கல்யாணம் ஆன வருஷம் இங்கே மலை முழுக்கக் கார்வி பூத்தது. உன் அத்தான் பைக்கில் கூட்டிப்போய்க் காட்டினார். சரிவெல்லாம் ஊதா. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், உனக்குப் பெண் பிறந்தால் கார்வி. அது மறுபடி பூக்க ஏழு வருஷம் ஆகும். நீங்களும் சொல்லி வைத்தாற்போல் ஏழு வருஷம் எடுத்துக்கொண்டீர்கள். இந்த ஆவணியில் மலையில் அது பூத்தது, புனேயில் இவள் பிறந்தாள். இதற்கு மேல் ஒரு பெயருக்கு என்ன பொருத்தம் வேண்டும்?

பேடா டப்பாவும் கையுமாக நான் வந்து இறங்கியதும் நீ என்னைச் சமையலறை ஓரமாக இழுத்துப் போனாயே, நினைவிருக்கிறதா? "அக்கா, பேரு முடிவாயிடுச்சு. கியாஷி. ருதுஜாவோட தங்கச்சி ஷர்வரி போன்ல தேடி எடுத்தா. ஊர்ல யாருக்கும் இருக்காது. நீ காதுல அதைச் சொன்னாப் போதும்" என்றாய். எந்த மொழி என்று கேட்டேன். நீ ஜப்பான் என்றாய், ஷர்வரி சமஸ்கிருதம் என்றாள், ருதுஜா குழந்தையின் துணியை மடிக்கப் போய்விட்டாள். நான் கார்வி என்றேன். கடலை சுண்டலைக் கிளறிக்கொண்டிருந்த உன் மாமியார் கரண்டியை நிறுத்திவிட்டு, "ஐயையோ, அது மாட்டுக்கொட்டாய் சுவருக்கு வைக்கிற குச்சியாச்சே! அது மேலதான் சாணி பூசுவாங்க! எம் பேத்தி என்ன தட்டியா, படலா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். குச்சியைப் பார்த்த கண்ணுக்குப் பூ தெரியவில்லையா என்று நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, "அத்தை எங்கே, அத்தையைக் கூப்பிடுங்க" என்று சத்தம். ஓடினேன். தொட்டிலடியில் ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி கைக்கு, சட்டையும் குல்லாவும் போட்டு ஒன்று வந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு முன்னால் குழவிக் கல்லுக்குத்தான் சட்டை போட்டுத் தொட்டிலைச் சுற்றிக் கை மாற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கோபத்தில் மறந்துபோச்சு. பிடுங்கி மார்போடு அணைத்தேன். கொஞ்சம் சில்லென்று இருந்தது, ஃபேனுக்கு அடியில் போட்டிருந்தார்கள் போல என்று நினைத்தேன். கனத்தது, நம் வீட்டுப் பிள்ளை என்று பெருமைப்பட்டேன். குல்லாவுக்குள் வாயை வைத்து, பெயர் சொல்லும் வழக்கப்படி "குர்ர்ர்... கார்வி" என்று மூன்று தடவை சொன்னேன். முறைப்படி எல்லாப் பெண்களும் என் முதுகில் அடித்தார்கள். பதினோரு அடி. அதில் இரண்டு உன் மாமியாருடையவை, வளையலோடு விழுந்தன. அப்போதுதான் உள் அறையில் குழந்தை அழுதது.

சிரித்தீர்களே, வீடே இடிந்து விழுகிற மாதிரி! ஷர்வரி போய் நிஜக் குழந்தையின் காதில் கியாஷி என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் முதுகில் ஒருத்தியாவது ஒரு தட்டுத் தட்டினாளா? இல்லை. சிரித்துச் சிரித்து யாருக்கும் கையில் தெம்பு இல்லை. இப்போது நீயே சொல்லு, அடி வாங்காதவள் வச்ச பேரு எப்படிப் பேராகும்? அடி பூரா வாங்கினது நான். அப்போ பேரும் நான் வச்சதுதானே? நீ என்னடாவென்றால், "அக்கா, நீ கல்லுக்குத்தான் பேர் வச்சே, வேணும்னா தூக்கிட்டுப் போ" என்றாய். சட்டை குல்லாவோடு அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெயர் வைத்த பிள்ளையை அந்த வீட்டில் விட்டு வர எனக்கு மனசு வரவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தார். பக்கத்து சீட்டு அம்மாள், "என்னங்க, பிள்ளை ஒரு சத்தம்கூடக் காணோம்?" என்றாள். எங்கள் வீட்டில் சமர்த்தாக இருப்பது இவள் ஒருத்திதான் என்றேன். பொய்யில்லை.

ஆகவே இதுதான் என் முடிவு. நகராட்சியில் பிறப்புப் பதிவில் கார்வி என்று ஏறும்வரை குழவி வராது. எங்கள் வகுப்பில் மூன்று அபோலிகள். பத்து வருஷம் நான் 'குட்டை அபோலி'. அந்தக் கதி அவளுக்கு வரக்கூடாது என்றுதான் மலையேறிப் பெயர் தேடினேன். தீபாவளிக்கு என்னைக் கூப்பிடாதே, வரமாட்டேன். குழந்தைக்கு என் முத்தங்கள், ருதுஜாவுக்கு ஆசி, உன் மாமியாருக்குத் தூரத்திலிருந்து ஒரு நமஸ்காரம்.

இப்படிக்கு,
பதினோரு அடி வாங்கிய
அபோலி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ருதுஜா போன் செய்தாள். தடுப்பூசி போடும் இடத்தில் நர்ஸ் "கியாஷி" என்று கூப்பிட்டதும் நான்கு அம்மாக்கள் எழுந்தார்களாம். "அக்கா, நான் நேரா நகராட்சிக்குப் போயி கார்வின்னு எழுதிக் குடுத்துட்டேன். அம்மாவும் வாயைத் திறக்கலை" என்கிறாள். சொன்னபடி இனிக் குழவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. இங்கே ஒரு மாதமாக உன் அத்தான், "கார்வியை எடு, பூண்டுச் சட்னி அரை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்கு முறை கழுவிவிட்டேன், மிளகாய் நெடி போகவில்லை. கல்லுக்குக் கியாஷி என்று மாற்றியாயிற்று. கடிதத்தைக் கிழிக்கத்தான் பார்த்தேன், கை வலிக்க எழுதியதால் மனசு வரவில்லை. அனுப்புகிறேன், நீ படிக்காதே, உன் மாமியார் கண்ணில் காட்டாதே. குழந்தையின் காதில் இன்னும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லையாம், ருதுஜா எனக்காக விட்டுவைத்திருக்கிறாள். தீபாவளியன்று முதல் பஸ்ஸில் வருகிறேன், கண்ணாடியோடு. பெண்களைக் கூப்பிட்டு வை. முதுகு தயார்.