வராதவர்களை எண்ணியவர்

ஆளே இல்லாத இடத்துக்குப் போய், அங்கே யார் யார் இல்லை என்று எண்ணி, தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஓசூரில், எங்கள் அலுவலகத்தில், எனக்கு அடுத்த மேசையில் இருந்தார். இன்று நினைத்தால் எனக்கே நம்பிக்கை வருவதில்லை. ஆனால் என் நாட்குறிப்பில் இருக்கிறது. நான் நாட்குறிப்பில் இட்டுக்கட்டி எழுதுவதில்லை.

நேரில் அவர் எங்களுக்கு ‘சார்’. அவர் தலை மறைந்ததும் ‘தலையெண்ணி’. ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர். வயது அறுபதை ஒட்டி. நிலம் அளப்பதிலேயே வாழ்நாளைக் கழித்துவிட்டு, ஒப்பந்தத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தவர். நான் கட்டட வரைபடம் போடுகிறவள். கம்பெனிகள் புத்தாண்டுக்குக் கொடுக்கும் டைரிகளில் இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதி, வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஒழுங்கு என்றால் நான்தான் என்று நாற்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அவர் வந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்தார்.

ஊருக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. ‘ஊருக்குப் பின்னால்’ என்று நான் வரைபடத்தில் எழுதியதைத்தான் அவர் முதலில் திருத்தினார்.

“ஏரி மொதல்லருந்து அங்கதாங்க மேடம் இருக்குது. ஊருதான் வந்து முன்னால ஒக்காந்துக்கிட்டு முதுகக் காட்டுது.”

அந்த ஏரிக்கரையை என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். அவர்கள் கையில் இரண்டு திட்டம் இருந்தது. கரையில் யாரும் புழங்குவதில்லை என்றால் சுற்றிலும் எட்டடிச் சுவர், ஒரு கேட், ஒரு பூட்டு. ஜனங்கள் வருகிறார்கள் என்றால் படிக்கட்டும் நடைபாதையும். எது என்று சொல்ல வேண்டியது நாங்கள் கொடுக்கும் இட ஆய்வு அறிக்கை. மூன்று வாரம் அவகாசம்.

எங்கள் முதலாளி இளவயது ஆர்க்கிடெக்ட். அவருக்கு மூன்று வாரம் தேவைப்படவில்லை.

“சாட்டிலைட் போட்டோ இருக்கு சார். ஐசோலேட்டட் சைட்டுன்னு ரெண்டு பாரா எழுதுனா முடிஞ்சுது.”

“மேலருந்து பாத்தா தண்ணிதாங்க தெரியும். தனிமை தெரியாதுங்களே,” என்றார் தலையெண்ணி. “அதுக்குப் போயி ஒக்காரணும்.”

போய் உட்கார்ந்தார். ஒரு மடக்கு நாற்காலி, கறுப்புக் குடை, முப்பது மீட்டர் டேப், நான்கு நிறப் பென்சில், கட்டைவிரலால் அழுத்தினால் எண் கூடும் ஒரு சின்ன எண்ணும் கருவி. கூடவே குறிப்பெழுத என்னையும் அனுப்பினார்கள்.

முதல் நாள் அவர் ஏரியைப் பார்க்கவே இல்லை. ஏரிக்கு முதுகு காட்டி நிற்கும் வீடுகளைப் பார்த்தார். மொத்தம் அறுபத்தோரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டி, “பின்பக்கம் ஜன்னல் எத்தினிங்க? அதுல தெறக்கறது எத்தினி?” என்று கேட்டார். முதல் வீட்டம்மா கொசு ஒழிக்க வந்த ஆள் என்று நினைத்து, கேட்காமலேயே தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து காட்டினார். இவர் மரியாதைக்காக எட்டிப் பார்த்தார். அடுத்த தெருவுக்குச் செய்தி போய்விட்டது. மீதி அறுபது வீட்டிலும் நாங்கள் தொட்டி பார்த்த பிறகுதான் ஜன்னலைப் பார்க்க முடிந்தது. அறுபத்தொன்றில் ஏரிப் பக்கம் திறக்கும் ஜன்னல் ஒன்பது. மற்றதில் பீரோவை நகர்த்தி அடைத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் தனிமையை அளந்தார். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கரையின் நடுவில் போய் நின்று, வாயைக் கையால் குவித்து, “யாராச்சும் இருக்கீங்களா?” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். பதில் வரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன்.

“நான் இருக்கேன் சார்.”

“நீங்க கணக்குல வரமாட்டீங்க மேடம். நீங்க ஆபீஸு.”

பன்னிரண்டு நிமிடம் கழித்து, எதிரே இருந்த தொழிற்சாலை மதிலுக்கு மேல் ஒரு காவலாளியின் தொப்பி எழுந்தது. யார் அங்கே என்று அது இந்தியில் கேட்டது. தலையெண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்: ‘கேட்டது ஒருவருக்கு. எடுத்துக்கொண்ட நேரம் பன்னிரண்டு நிமிடம். பதிலும் கேள்வியாகவே வந்தது.’

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் போட்ட பட்டியலைத்தான் அலுவலகத்தால் பொறுக்க முடியவில்லை. அதில் இரண்டு கட்டம். ஒன்றின் தலைப்பு ‘வந்தவர்’. அடுத்தது ‘வராதவர்’.

“வராதவங்கள எப்படி சார் எண்ணுவீங்க? ஓசூர்ல இருக்கறவங்க எல்லாருந்தான் வரல,” என்றேன்.

“அவங்கள்லாம் இல்லீங்க. வந்திருக்க வேண்டியவங்க. அந்தா பாருங்க.”

பார்த்தேன். எழுதினேன். ‘மாலை 5.10. நீலச் சேலை. பின்கதவைத் திறந்தார். ஏரியைச் சற்று நேரம் பார்த்தார். குப்பைக் கவரை எறிந்தார். கதவைச் சாத்தினார். வராதவர்: 1.’

என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்க ஆரம்பித்தார், “இன்னிக்கி யாரெல்லாம் வரல?”

மூன்றாம் நாள்தான் வினை ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் டேப்பும் குடையுமாக ஒருவர் பொறம்போக்கில் உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிலம் எடுக்கப் போகிறார்கள். தொழிற்பேட்டைக்கா, புறவழிச் சாலைக்கா என்பது மட்டும்தான் தெரிய வேண்டியது. மதியத்துக்குள் கரை வழியாக நாலு பேர் பிளாஸ்டிக் உறையில் பட்டா ஜெராக்ஸோடு வந்தார்கள். மாலைக்குள் பதினேழு பேர். உத்தனப்பள்ளியிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்திருந்தார்.

“ஏனு சார், சர்வேனா?” என்று கன்னடத்தில் ஆரம்பித்தார் ஒருவர். “மா பூமி போதுந்தா சார்?” என்று, தன் நிலம் போய்விடுமா என்று, தெலுங்கில் கேட்டார் அடுத்தவர்.

தலையெண்ணி எழுந்து நின்று கும்பிட்டார்.

“நெலம் எடுக்க வரலீங்க. இங்க யாருமே வர்றதில்லைன்னு எழுத வந்திருக்கோம்.”

“நாங்கதான் வந்துட்டமே,” என்றார் உத்தனப்பள்ளிக்காரர்.

“நீங்க என்னப் பாக்கத்தானே வந்தீங்க. ஏரியப் பாக்க வரலியே.”

“ஏரிய எதுக்கு சார் நான் பஸ் ஏறி வந்து பாக்கணும்?”

“அதத்தாங்க எழுதப் போறேன்.”

அவர் மறுத்ததாலேயே எல்லோருக்கும் சந்தேகம் உறுதிப்பட்டது. நிஜமான அதிகாரி என்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார்? மறுநாள் பட்டாவோடு ஆதார் ஜெராக்ஸும் வந்தது. வந்தவர்கள் சும்மா வரவில்லை, தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் சேர்ந்த இடத்துக்கு வேர்க்கடலைத் தட்டோடு மாதம்மா வந்து சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டில் அவளை அதற்குள் மூன்று தடவை இடம் மாற்றித் துரத்தியிருந்தார்கள். கரையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியைப் பிடித்துக்கொண்டாள். “இங்கியாச்சும் யாரும் எந்திரின்னு சொல்லாம இருந்தா செரி,” என்றாள் என்னிடம்.

இரண்டாவது வாரம் முடியும்போது, ஓசூரிலேயே ஆள் அண்டாத அந்த இடத்தில் சாயங்காலமானால் உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. நிலப் பயம் தெளிந்தவர்கள்கூட வருவதை நிறுத்தவில்லை. முதல் ஷிப்ட் முடித்த பையன்கள் சீருடையோடு வந்தார்கள். காவலாளி, பணி முடிந்ததும் மதிலைச் சுற்றிக்கொண்டு வந்து வேர்க்கடலை வாங்கினார். நீலச் சேலைக்காரம்மா பின்கதவைத் திறந்து, குப்பைக் கவர் இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு வந்தார்.

வெள்ளிக்கிழமை என் கணக்குக்கு ஐம்பத்தேழு பேர். அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ‘வந்தவர்: 0.’

எனக்குக் கோபமே வந்துவிட்டது.

“என்ன சார் இது? அம்பத்தேழு பேரு உங்க கண்ணுக்குத் தெரியலியா?”

“தெரியுதுங்க மேடம். எல்லாம் நான் ஒக்காந்திருக்கறதால வந்த ஆளுங்க. நான் இல்லாட்டி இது வெறும் கரைதான். இவங்கள எண்ணுனா அது பொய்க் கணக்கு.”

“பூஜ்யம்னு குடுத்தா சுவர் எழுப்பிருவாங்க. மாதம்மா எங்க போவா?”

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். பென்சிலைப் பார்த்தார். பூஜ்யத்தை அழிக்கவில்லை.

முதலாளி போனில் கேட்டார். “சைட்டு ஐசோலேட்டடா இல்லியா சார்? ஒரே வார்த்தைல சொல்லுங்க.”

“நான் இருந்தா இல்லீங்க. நான் இல்லாட்டித் தெரியலீங்க.”

முதலாளி போனை வைத்துவிட்டார். அவர் கேட்டது ஒரு வார்த்தை, கிடைத்தது ஆறு.

தெரியாது என்று அறிக்கையில் எழுத முடியாது. அதனால் கடைசி வாரத்தில் தலையெண்ணி ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு நாள் அவர் வரமாட்டார். நாற்காலி, குடை, டேப் எதுவும் வராது. நான் மட்டும் போய் ஓரமாக உட்கார வேண்டும். எப்படி எண்ண வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். ‘சார் எங்கே என்று கேட்டால், வரவில்லை என்று மட்டும் சொல்லவும். அனுதாபம் தோன்றும்படி சொல்லக் கூடாது.’

புதன்கிழமை போனேன். நாலரைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாற்காலி இருக்கும் இடத்தில் நாற்காலி இல்லை.

“சாரு எங்கம்மா?” என்றாள் மாதம்மா.

“வரல.”

“ஒடம்பு கிடம்பு செரியில்லியா?”

“வரல,” என்றேன் அனுதாபம் தோன்றாமல்.

செய்தி ஒவ்வொருவராகத் தாண்டிப் போனது. எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், மாதம்மாவின் வேப்பமரத்துக்கும் எனக்கும் நடுவில் நாளைக்கே அஸ்திவாரம் தோண்டுவார்கள் என்று நினைத்தபடி பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாற்காலி வைக்கும் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தணிந்தது. தண்ணீர் மேல் கொக்கு ஒன்று தாழப் பறந்தது.

ஐந்தே முக்காலுக்கு நான் ஒன்றைக் கவனித்தேன். எதிர்க்கரையில் ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

“மாதம்மா, அங்க எதிர்ல என்ன தெரியுது?”

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “என்னாம்மா, தண்ணிதான் தெரியுது.”

அதையும் எழுதிக்கொண்டேன். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறவள்.

மறுநாள் காலை அவர் எனக்கு முன்பே வந்து பட்டியலை விரித்து வைத்திருந்தார்.

“சொல்லுங்க மேடம்.”

“நாப்பத்தி மூணு பேரு சார். நீங்க வரலைன்னு தெரிஞ்சும் ஆறே முக்கால் வரைக்கும் இருந்தாங்க.”

“எந்தப் பக்கம் பாத்து ஒக்காந்திருந்தாங்க?”

வேறு யாராக இருந்தாலும் திணறியிருப்பார்கள். நான் நாட்குறிப்பைத் திறந்தேன். “நாப்பத்தொரு பேரு ஏரியப் பாத்து. ரெண்டு பேரு கடலைத் தட்டப் பாத்து.”

அவர் பென்சிலை எடுத்தார். எழுதவில்லை. முகத்தில் ஏதோ வேதனை தெரிந்தது.

“சார், நேத்து எங்க இருந்தீங்க?”

“வீட்லதாங்க.”

“எதிர்க்கரையில ஒரு குடை இருந்துச்சு. அஞ்சு நாப்பத்தஞ்சுக்கு.”

பட்டியலை மடித்தார், மறுபடி விரித்தார். பிறகு சொன்னார், “வீட்ல ஒக்கார முடியலீங்க. எனக்கும் நாப்பத்தி மூணுதான் வந்துச்சு.” பென்சிலால் மேசையைத் தட்டினார். “ஆனா ஒரு சிக்கலுங்க மேடம். அந்த நாப்பத்தொரு மொகமும் நேரா என்னப் பாத்துதான் இருந்துச்சு. அவங்க பாத்தது என்னையா, ஏரியையா? என்னையின்னா எண்ணக் கூடாது.”

ஒரு பெரிய ஏரியை நடுவில் வைத்துக்கொண்டு, அதன் அக்கரையில் போய் ஒளிந்துகொண்டு, தன்னைத்தான் பார்த்தார்களோ என்று தூக்கம் கெட்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நாட்குறிப்பை அவர் பக்கம் திருப்பி, ஐந்தே முக்கால் வரியில் விரலை வைத்தேன். ‘எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டேன். மாதம்மா: தண்ணிதான் தெரியுது.’

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ‘வந்தவர்’ கட்டத்தில் 41 என்று எழுதினார். கடலைத் தட்டைப் பார்த்த இருவரை நான் எவ்வளவு சொல்லியும் சேர்க்கவில்லை. ‘வராதவர்’ கட்டத்தில், கொஞ்சம் யோசித்து, 1 என்று போட்டார்.

“அது யாரு சார்?”

“நாந்தாங்க.”

குழு அறிக்கையைப் படித்தது. சுவர் வரவில்லை. சொன்ன நடைபாதையும் முழுதாக வரவில்லை. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு படி வந்தது. மாதம்மா மேலிருந்து இரண்டாவது படியில் கடை வைத்திருக்கிறாள். இதுவரை யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

தலையெண்ணிக்கு அந்த வேலையோடு ஒப்பந்தம் முடிந்தது. ஊத்தங்கரையில் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது எண்ணும் கருவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். படி கட்டியதைச் சொல்ல நான் போன் செய்தபோது, எத்தனை படி, ஒரு படி எத்தனை அங்குலம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே போய் உட்காருகிறோம். படியில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும், மரத்தையொட்டி ஒரு நாற்காலி அளவுக்கு இடம் காலியாகவே இருக்கிறது. புதிதாக யாராவது அங்கே உட்காரப் போனால் மாதம்மா நகர்ந்து உட்காரச் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பில் எழுதுகிறேன். போன ஞாயிறு எழுதியது இது: வந்தவர்: எண்பத்தாறு. வராதவர்: ஒருவர்.