மூவாயிரம் ஆண்டுச் சேறும் மூன்று வட்டங்களும்

ஹமனோசே துறைமுகத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அலைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாலை, ஒரு மீன்கடை. அதை மலைமேல் மாற்றக் கோரித் தலைவி ஒகிமுரா ஆறு ஆண்டுகளாக விண்ணப்பித்து வந்தார். எதிரே கடலடியில் இருக்கும் நிலப்பிளவு உயிருள்ளது, அதாவது இன்னும் அசையக்கூடியது, என்று மாகாண அலுவலகம் சான்று தந்தால் மாற்றலாம் என்பது விதி.

ஆகவே நிலவியல் அறிஞர் நிட்டா சயோகோ கப்பலேறிப் போய், கடலடியில் குழாய் இறக்கிச் சேறு எடுத்து வந்தார். ஒவ்வொரு நிலநடுக்கமும் சேற்றின்மேல் ஒரு மணல் படலம் விட்டுப் போயிருந்தது. இடையில் கிடந்த சிப்பிகளை வைத்து வயது கணித்தார். கடைசி நடுக்கம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன். அதற்கு முந்தையது ஆறாயிரம். அடுத்தது எப்போது என்பதைக் காப்பகத்துக் குழந்தைகளே விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும்.

மாகாண அலுவலகப் பிரிவு அதிகாரி கமேதானி, நிட்டா நிரப்பிய படிவத்தை மரியாதையாக இரு கைகளாலும் வாங்கினார். அதே மரியாதையோடு, அறிஞர்களை அழைக்கும் ‘சென்செய்’ என்ற விளியும் சேர்த்துத் திருப்பித் தந்தார்.

“சென்செய், தேதிக் கட்டத்துல வட்டமே போடலையே?”

“வட்டம் போட ஷோவா, ஹெய்செய், ரெய்வான்னு கடைசி நூறு வருஷத்து மூணு அரசர் காலம்தான் அதுல இருக்கு. இது மூவாயிரம் வருஷம் முன்னாடி நடந்தது. அப்போ அரசரே கிடையாது!”

“அதைத்தான் நானும் சொல்றேன். எந்த அரசர் காலத்துலயும் நடக்காதது, ஆவணப்படி நடக்கவே இல்ல.”

“ஷோவாவுக்கு மூவாயிரம் வருஷம் முந்தின்னு எழுதிடலாமா?” என்றார் உடன் வந்திருந்த ஒகிமுரா.

“அவ்வளவு இடம் கட்டத்துல இல்லம்மா. சென்செய், கொஞ்சம் புதுச் சேறாப் பாத்து எடுத்துட்டு வரக்கூடாதா?”

“புதுசு வேணும்னா கடல்தான் அனுப்பணும்.”

‘தேதியற்ற நடுக்கம், எனவே பிளவு உயிரற்றது’ என்று முடிவாயிற்று. ஏழு முத்திரைகள் விழுந்தன. கீழ் அலுவலர் ஒவ்வொருவரும் மேலதிகாரியின் முத்திரைக்குத் தலைவணங்கும்படி தம் முத்திரையைச் சாய்த்துக் குத்தியதில், கடைநிலை எழுத்தருடையது ஏறக்குறையப் படுத்தே கிடந்தது. ஊர் மகிழ்ந்தது. கடைவீதியில் ‘செத்த பிளவு’ என்ற பெயரில் இனிப்புக் கொழுக்கட்டை வந்தது. நாங்களும் வரிசையில் நின்று வாங்கினோம்.

அடுத்த வசந்தத்தில், நண்பகல் பன்னிரண்டு பதினான்குக்குப் பிளவு விழித்துக்கொண்டது. மீன்கடையும் காப்பகமும் கடலோடு போயின. குழந்தைகள் ஐம்பத்திரண்டு பேரும் பிழைத்தார்கள். முடிவு வந்த நாள்முதல் ஒகிமுரா அவர்களைத் தினமும் சோற்றுப் பெட்டியோடு மலைக்கோயிலுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அனுமதியற்ற சுற்றுலா என்று அவருக்கு இரண்டு குறிப்பாணைகள் வந்திருந்தன.

பத்தாம் நாள் கமேதானி தலைக்கவசத்தோடு மலையேறி வந்து, குனிந்து வணங்கினார்.

“நல்ல சேதிம்மா! தேதி கிடைச்சிருச்சு. ரெய்வா! மணி, நிமிஷம்கூட சுத்தமா இருக்கு. பிளவு உயிரோட இருக்குன்னு சான்று ரெடி.”

“அப்போ காப்பகத்தை மேல மாத்திடலாமா?”

அவர் கடலைப் பார்த்தார். “அதுல ஒரு சின்னச் சிக்கல். இடமாற்றம்னா, மாத்த வேண்டிய கட்டடம் பழைய இடத்துல இருக்கணுமே. அங்க ஒண்ணு கட்டிட்டு விண்ணப்பம் போடுங்க.”

போன வாரம் அலையோரத்தில் அடிக்கல் நாட்டினோம். ஊரே கைதட்டியது. கொழுக்கட்டைக் கடை முன்னதாகவே திறந்துவிட்டது. பெயர்ப் பலகையில் ‘செத்த’ என்பதை அடித்து ‘உயிருள்ள’ என்று எழுதியிருக்கிறார்கள். வரிசை முன்பைவிட நீளம்.