ஷோரூமில் பிறந்த என் கணவர்

தனியாக வாழ்கிறவர்கள் சரளமாகப் பொய் சொல்வார்கள். (வீட்டில் மறுத்துப் பேச ஆள் இல்லாததால் வரும் பழக்கம்.)

எனக்குக் கார் ஆசை வந்தது நாற்பத்தாறு வயதில். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நூலகர். திருமணம் ஆகவில்லை. மழையில் ஸ்கூட்டரில் வந்து ஈரப் புடவையோடு பூட்டைத் திறந்தால், உள்ளேயிருந்து யாரும் "நனைஞ்சிட்டியா?" என்று கேட்கப்போவதில்லை. சரி, நனையாமலாவது வருவோம் என்று முடிவு செய்தேன்.

என் சம்பளத்துக்கு அடங்குகிற சின்ன எஸ்யூவிகள் மூன்று. சாப்பிடும்போதெல்லாம் யூடியூபில் அவற்றைப் பற்றியே பார்த்தேன். "இந்த வண்டியை வாங்கலாமா?" என்று வீடியோவில் பேசுகிறவர்கள் கேட்டால், சோற்றுக் கையோடு பதிலும் சொல்வேன்.

ஷோரூமில் பிரபு என்ற விற்பனையாளர் முதலில் கேட்டது, "சார் வரலையாங்க மேடம்?"

"வெளியூர் போயிருக்காரு." அதுவாக வாயில் வந்துவிட்டது.

"சார் உயரமாங்க? சீட்டுக்காகக் கேக்குறேன்."

"ஆறடி." (கற்பனைதானே, குறைப்பானேன்?)

அரை மணி நேரத்தில் அந்தக் கணவருக்கு முதுகுவலியும் பேராவூரணியில் தென்னந்தோப்பும் வந்துவிட்டன. கடைசியில் அவர் முதுகுக்கு ஒத்துவருகிற காரையே தேர்ந்தெடுத்தேன்.

தோப்பு என்றதும் பிரபுவுக்கு உற்சாகம். "மண் ரோட்ல ஓட்டிப் பாருங்க மேடம், கிரவுண்ட் கிளியரன்ஸ் தெரியும், வண்டி அடி தரையில தட்டவே தட்டாது." ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் ஓட்டினேன். எதிரே ஒரு வாத்துக் கூட்டம். ஒதுங்கினேன். கரை ஈரம். கார் மெதுவாக, வெகு மரியாதையாக, நாற்று நட்ட வயலில் இறங்கி நின்றது.

நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "இப்பதாங்க நட்டோம்," என்றார் ஒரு அம்மா.

பிரபுவின் முகம் வெளுத்திருந்தது. "சாருக்கு ஒரு போன் போட்டுடுங்க மேடம்."

போனில் தேடினேன். கேஸ் புக்கிங், பால்காரர், கல்லூரி அலுவலகம். கூப்பிடக்கூடிய ஆண் என்று சென்னையில் இருக்கும் தம்பி மட்டும்தான். அவனும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசுகிறவன். அவனையே கூப்பிட்டேன்.

"ஏங்க, கார் வயல்ல இறங்கிடுச்சுங்க."

பதற்றத்தில் கை பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகியிருந்தது.

"அக்கா? யாரை ஏங்கங்கிற? தனியா இருக்காத, இங்க வந்துடுன்னு சொன்னா கேக்குறியா நீ?"

வயல் முழுக்கக் கேட்டது. பிரபு வாத்துகளையே பார்த்தார். "டிராக்டர் கிடைக்குமான்னு கேட்டுட்டு வர்றேன் மேடம்," என்று நடந்தார். அழக்கூடாது என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா வந்து கதவைத் திறந்துவிட்டார். "இறங்குங்க. எனக்கு வீட்டுக்காரர் இருக்காரு. கூப்பிட்டா அவரும்தான் வரமாட்டாரு."

சேற்றில் நின்றபடி இருவரும் சிரித்தோம். அப்புறம் எனக்கு அழுகையும் வந்தது.

அந்தக் காரையே வாங்கினேன். (இன்னொரு ஷோரூமில் போய் இன்னொரு கணவரை உருவாக்கத் தெம்பில்லை.) சாவி வாங்கும் நாளில் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு வந்து நின்றான். பிரபு எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் போனை எடுத்தாலே தம்பி, "ஏங்க, சொல்லுங்க," என்பான். அவன் பிள்ளைகளும் அப்படித்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே கூப்பிடுகிறான். "ஏங்க, இன்னிக்கு எந்த வயல்?"

கோபித்துக்கொள்வது போல் பேசுவேன். ஏதாவது ஒரு ஞாயிறு அவன் மறந்துவிட்டால், நானே கூப்பிட்டு "ஏங்க" என்கிறேன்.