வளைகாப்புக்குப் போன கார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஒரு நாள், என் காரைக் கிளம்பவிடாமல் செய்வது என்று உறுதி எடுத்தேன். கார் வைத்திருந்தவன் எவனும் அதுவரை எடுக்காத உறுதி.

முதுகுளத்தூரில் நான் மிளகாய் வியாபாரி. அந்தக் கார் மூன்று பேரை ஓட்டாண்டியாக்கிவிட்டு என்னிடம் வந்தது. பாட்டரிக்கு விளக்கெரிக்கத் தெம்பு உண்டு, எஞ்சினைச் சுற்றத் தெம்பு கிடையாது. முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். சுற்றிச் சுற்றி நமக்கு மூச்சு நிற்கும்போது அதற்கு மூச்சு வரும். ஆனாலும் அந்த உறுமலைக் கேட்டதும் என் மீசை தானாக நிமிரும். இன்றைக்குச் சத்தமே இல்லாத கார்களில் போகிறேன். அந்த உறுமலுக்கு மனசு ஏங்குகிறது.

சரி, ஏன் கிளம்பக் கூடாது? சாயல்குடியில் மாமனார் வீடு. போன தடவை மாப்பிள்ளையாகப் போனவன், டிரைவராகத் திரும்பினேன். சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் உப்பளம் வரைக்கும் சவாரி. மச்சினன் வீரையா கடைசியில் இரண்டு ஆடுகளையும் ஏற்றிவிட்டான். இப்போது கொழுந்தியாள் இராமலட்சுமிக்கு வளைகாப்பு. என் மனைவி பூமயில்தான் மூத்தவள். முதல் வளையல் அவள் கையால் போட வேண்டும். வளைகாப்பு காலையில், பஸ்ஸோ மத்தியானம்தான். கார் கிளம்பாவிட்டால் பயணமே இல்லை.

விடிகாலையில் கைப்பிடியை ஒரு மிளகாய் மூட்டைக்குள் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் பானெட்டைத் திறந்தேன். பூமயில் பட்டுச்சேலையும் வளையல் தட்டுமாக வந்து நின்றாள்.

"என்னங்க, கெளம்புதா?"

"கைப்பிடியக் காணோம் பூமயில். வேற வழி இருக்கான்னு பாக்குறேன்."

பிளக்கைக் கழற்றி வேட்டியில் துடைத்தேன். பெட்ரோல் குழாயை வாயால் ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். நடிப்புக்காக இவ்வளவு செய்தவன் நானாகத்தான் இருப்பேன்.

"பெட்ரோல் வருதா?"

"வருது."

"பொறி வருதா?"

"வருது."

"அப்ப சுத்திவிட ஆளுதான் வேணும். தள்ளிப் பாப்பமா? நீங்க உள்ள உக்காருங்க, நான் தள்ளுறேன்."

நான் மறுக்குமுன் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போய்விட்டாள். இவள் தள்ளி அது நகரப் போகிறதா என்று நானும் உட்கார்ந்தேன். அதற்குள் எதிர்த்த டீக்கடையிலிருந்து ஹாஜா முகைதீன் குரல் கொடுத்தார்.

"என்ன மாப்ளே! பொம்பளையத் தள்ளவிட்டுட்டு ராசா மாதிரி உள்ள உக்காந்திருக்க?"

"நீங்க வந்து ஒரு கை குடுங்க மாமா!"

"அடுப்புல பால் பொங்குது. வெக்கத்துக்கும் பொங்காத ஆளு நீதான்!"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். மானம் போனது. கைப்பிடியைத் தேடிக் கண்டெடுத்ததாகச் சொல்லிவிடலாம் என்று உள்ளே ஓடினேன். மூட்டைகளைக் காணோம்.

"மூட்டையெல்லாம் எங்க பூமயில்?"

"வண்டிக்காரன் சின்னக்கருப்பன் இப்பத்தான் பின்வாசல் வழியா ஏத்திப் பரமக்குடிக்குக் கொண்டுபோயிட்டானே. ஏன், அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வேறு வழியில்லை. அவளை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தேன்.

"சாவியத் திருப்பு. கிளச்ச மிதி. ரெண்டாவது கியர். நான் கத்துனதும் காலை எடு. கெளம்பிட்டா நிறுத்திராத, அணைஞ்சு போகும்."

"சரிங்க."

இவளுக்கு எங்கே வரப்போகிறது என்ற நம்பிக்கையில் மனசாரத் தள்ளினேன். கடைத்தெரு முனையில் "விடு!" என்று கத்தினேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. உறுமியது. என் மூஞ்சியில் புகையை ஊதிவிட்டுப் போயே போய்விட்டது. சாயல்குடிச் சாலையில் அது திரும்பிய அழகு இருக்கிறதே, நானே அப்படித் திருப்பியதில்லை.

மத்தியான பஸ்ஸில் சாயல்குடிக்குப் போய்ச் சேர்ந்தேன். வளைகாப்பு முடிந்து புளிச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். காரைச் சுற்றி ஒரே கூட்டம். பூமயிலைச் சுற்றி அதைவிடக் கூட்டம். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"ஏன்டி என்னைய விட்டுட்டு வந்த?"

"நிறுத்துனா அணைஞ்சு போகும்னு நீங்கதான சொன்னீக?"

"ஓட்ட எப்படி வந்துச்சு?"

"தெனமும் சோறு திங்கிறப்ப கிளச்சு, கியருன்னு பாடம் நடத்துனீகளே. கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மொத வளையல் நாந்தான் போட்டேன்" என்றாள்.

அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ விசேஷங்களுக்குப் போனோம், எத்தனையோ சேலை எடுத்துக் கொடுத்தேன். அந்த முகம் மறுபடி வந்ததில்லை. இந்த முகத்தையா வீட்டிலேயே பூட்டிவைக்கப் பார்த்தோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வீரையா வந்தான்.

"மச்சான், சனமெல்லாம் உப்பளம் வரைக்கும் ஒரு சுத்துப் போகணுங்குது."

"நான் ஓட்ட மாட்டேன்!" என்றேன் கறாராக.

"நீங்க எதுக்கு மச்சான் ஓட்டணும்? அக்கா ஓட்டிக்கிரும். நீங்க ஒவ்வொரு சுத்துக்கும் தள்ளிவிட்டாப் போதும்."