தகரப் பெட்டியில் ஒரு முறைப்பெண்

"கீதா உனக்குத் தங்கச்சி முறைடா. தங்கச்சி முறையைக் கட்டுனா ஊடு வெளங்குமா?" என்று சொல்லிவிட்டு, கண்ணையா தட்டிலேயே கையைக் கழுவி எழுந்துவிட்டார்.

மகன் கதிர்வேல் பிசைந்த சோற்றைத் தள்ளி வைத்தான். வயது முப்பத்து நான்கு. சூலூரில் எட்டுத் தறி ஓடுகிறது. பதினோரு வீட்டில் பெண் பார்த்தாயிற்று. பதினோரு வீட்டிலும் வேண்டாம் என்றாயிற்று. பன்னிரண்டாவதாக மதுக்கரை கீதா டீச்சர் வாயைத் திறந்து சரி என்றிருக்கிறாள். இப்போது பார்த்து அப்பா முறை பேசுகிறார்.

"யாருங்கப்பா சொன்னது?"

"எங்கப்பனைப் பெத்த தாத்தன் செங்கோட்டையனுக்கு மதுக்கரையில இன்னொரு சம்சாரம் இருந்துச்சுன்னு ஒரு பேச்சு. அந்தம்மா பெத்த பையன்தான் கீதாவோட தாத்தனாம், அவ அப்பனைப் பெத்தவராம்."

"பேச்சுத்தானுங்களே! பொய்யின்னு காட்டறேன் பாருங்க."

பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கினான்.

"நல்லா அடி வரைக்கும் தேடு கண்ணு" என்றாள் அம்மா பாப்பாயி, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே.

தேடினான். அடியில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. மதுக்கரை மனைவி, அவள் மகன், அவர்களுக்கு எந்தக் காடுகரை என்பதெல்லாம் செங்கோட்டையனின் கைநாட்டோடு தெளிவாக இருந்தது. வாய்ப்பேச்சாக இருந்த விஷயத்துக்கு இவனே சாட்சி பிடித்துக் கொடுத்துவிட்டான்.

விடுவானா? அந்தப் பையன் அவளுக்கு முன்பிருந்த வேறொரு புருஷனுக்குப் பிறந்தவனாக இருந்தால்? மதுக்கரைக்கு நாலு நடை நடந்து பிறப்புப் பதிவின் நகலை வாங்கினான். தகப்பன் பெயர் செங்கோட்டையன் என்றே இருந்தது. போதாக்குறைக்குக் கீதாவிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, எங்க தாத்தாவோட பொறப்பையே சந்தேகப்பட்டு விசாரிச்சீங்களாமா?"

"ஐயோ, நம்ம கல்யாணத்துக்குத்தானுங்க!"

"அதுக்கு முன்னால நான் யோசிக்கோணுமுங்க" என்று வைத்துவிட்டாள்.

கதிர்வேலுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மதுக்கரைக் கல்யாணம் செல்லாது என்று எங்காவது ஒரு வரி அகப்படாதா என்ற கடைசி ஆசையில், பத்திர ஆபீசில் செங்கோட்டையன் பெயரில் பதிவானதற்கெல்லாம் மனுப் போட்டான். வந்து சேர்ந்தது ஒரு தான செட்டில்மெண்ட் பத்திரம். 'என் மூன்றாவது மனைவி நாச்சாயிக்கும் அவள் வயிற்றில் எனக்குப் பிறந்த மகன் ரங்கசாமிக்கும்' என்று ஆரம்பித்தது.

கண்ணையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தங்கச்சி போதாதுன்னு எனக்குச் சித்தப்பன் ஒருத்தரையும் தேடிக் கொண்டாந்திருக்கான் பாரு!"

பாப்பாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பத்திரத்தை வாங்கினாள்.

"இந்த ரங்கசாமி எங்கப்பனுங்க."

பாப்பாயி அந்தப் பெயரில் விரலை வைத்துக் காட்டினாள்.

"எங்கப்பன் மாமன் ஊட்டுல வளர்ந்தவரு. அவங்க கூட்டத்துப் பேரையே தன் குலப்பேராச் சொல்லிப் பழகிட்டாரு. இப்ப பாருங்க, கீதாவோட அப்பன் எனக்கு அண்ணன் முறை. அண்ணன் மக எம்பையனுக்கு என்னாகோணும்?"

"முறைப்பொண்ணு!" என்று அலறினான் கதிர்வேல்.

கண்ணையா மனைவி வழியில் மட்டும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, தாய்மாமன் மகளாச்சே! இதுக்கு மேல ஒரு முறை உண்டா? போடுறா மதுக்கரைக்குப் போனை!"

கீதா இரண்டு நாள் பிகு செய்துவிட்டுச் சம்மதித்தாள். தை மாதம் சூலூர் மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்க, கதிர்வேல் மூன்று முடிச்சையும் தானே போட்டான். அக்கா முறைக்காரி ஒருத்தி வழக்கப்படி மீதி முடிச்சுப் போட நீட்டிய கையைக்கூட விலக்கிவிட்டான். அத்தனை சந்தோஷம்.

பந்தியில் கண்ணையாவின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. "நான் முறை பாத்துத்தானுங்க கட்டி வெச்சேன்! முறை தப்புனா ஊடு வெளங்காதுங்க!"

பாப்பாயி அவர் துண்டைப் பிடித்து இழுத்துக் காதோரம் சொன்னாள்:

"மெதுவாப் பேசுங்க. நானும் செங்கோட்டையன் பேத்தி, உங்களுக்குத் தங்கச்சி முறைதான். முப்பத்தஞ்சு வருசமா நம்ம ஊடு வெளங்காமயா போச்சு?"