அரை அங்குலம் வளரப் போன கதை

குள்ளமானவனிடம் வந்து, "உயரத்துல என்னங்க இருக்கு, மனசுதான் முக்கியம்" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லோரும் ஆறடிக்குக் குறையாதவர்கள். இதை நான் வெகுகாலமாகக் கவனித்து வருகிறேன். ஒரு குள்ளனாவது இன்னொரு குள்ளனிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் உயரம் ஐந்தடி மூன்றரை அங்குலம். இதை வைத்துக்கொண்டு ஒருவன் சாப்பிடலாம், தூங்கலாம், வரி கட்டலாம். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாயா ரயிலில் கார்டு ஆக முடியாது. அதற்கு ஐந்தடி நாலு வேண்டும் என்றது விதிப்புத்தகம். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுகிறவனுக்கு அந்த அரை அங்குலம் எதற்கு என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை. (கொடிக்குத்தான் கம்பு இருக்கிறதே.)

எனக்குக் கொடியின் மேல் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஆசையெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தனலட்சுமியின் மேல். அவளுடைய அப்பா ரெங்கசாமி மாமா என் அம்மா வழியில் தூரத்து உறவு, வெகுநாள் கார்டு, ரயிலையே தான்தான் தள்ளிக்கொண்டு போவதாக நினைப்பு. நான் அப்போது சுங்கை வே பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கித்தாப்பால் நிறுக்கும் வேலையில் இருந்தேன். பெண் கேட்டுப் போனபோது மாமா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அந்தப் பார்வை கீழே வந்து சேர அதிக நேரம் பிடிக்கவில்லை.

"பால் நிறுக்கிறவனுக்கெல்லாம் எம் பொண்ணு இல்ல. கார்டு உடுப்பு மாட்டிக்கிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார்.

எழுத்துப் பரீட்சை எழுதினேன், தேறினேன். உயரம் அளந்தார்கள், அரை அங்குலம் குறைந்தது. ரயில்வே ஆபீஸ் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, நல்ல மனிதர். "அடுத்த மாசம் டாக்டர் முன்னால கடைசியா ஒருக்கா அளப்பாங்க தம்பி. அதுக்குள்ள எப்படியாவது வளந்துட்டு வந்திருங்க" என்றார். எனக்கு வயது இருபத்து நாலு. கத்தரிச்செடிக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லி அனுப்பினார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மாடியில் 'முதுகெலும்பு வைத்திய நிலையம்' என்று ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மருந்தில்லை, ஊசியில்லை, கையாலேயே முதுகெலும்பைச் சீர் செய்கிற அமெரிக்க வித்தையாம். டாக்டர் சோடா பாட்டில் திறக்கிற சத்தத்தோடு என் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினார். உயிர் இருந்ததால் எழுந்து உட்கார்ந்தேன்.

"உசரம் ஏத்த முடியுங்களா?"

"ஆடு மாடு கேக்கற மாதிரி கேக்கறீங்களே" என்று சிரித்துவிட்டு ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார். 'தினசரி ஆரோக்கியக் குறிப்புகள்' என்று தலைப்பு. நிமிர்ந்து உட்காருங்கள். கால்மேல் கால் போடாதீர்கள். தினமும் இரண்டு மைல் நடங்கள். பாரம் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். இப்படிப் பதினொரு குறிப்புகள். எல்லாம் நல்ல குறிப்புகள். எல்லாம் உழைப்புக் கேட்கிற குறிப்புகள். ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டேன். பன்னிரண்டாவதுதான் என் ஜாதகத்துக்காகவே எழுதியது போல இருந்தது: 'நாள் முழுதும் நிற்பதாலும் உட்காருவதாலும் முதுகெலும்பு அமுங்குகிறது. படுத்து எழுந்தவுடன் மனிதன் சற்று உயரமாக இருக்கிறான். ஆகவே மதியம் சிறிது நேரம் மல்லாந்து படுப்பது நலம்.'

"எவ்வளவு உசரமா இருப்பான் டாக்டர்?"

"கால் அங்குலம், அரை அங்குலம். ஆளைப் பொறுத்தது. நடமாட ஆரம்பிச்சா எறங்கிடும்."

அந்த 'அரை அங்குலம்' காதில் விழுந்ததோடு நான் மாடிப்படி இறங்கிவிட்டேன். பின்னால் அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நமக்கு வேண்டியது கிடைத்த பிறகு வைத்தியர் சொல்வதைக் கேட்கிற வழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது?

என் யோசனையை மாணிக்கம் மச்சானிடம் சொன்னேன். அக்காவின் புருஷன், தோட்டத்துக் கிராணி. எதையும் 'முறைப்படி' செய்கிறவர். என் வாழ்க்கையில் நடந்த விபத்துகளில் முக்கால்வாசி அவர் முறைப்படி செய்தவை.

"மத்தியானம் கொஞ்ச நேரம் படுத்தாலே நல்லதுங்கறான். நீ மொத நாள் சாயங்காலமே படுத்திரு. அளக்கிற எடம் வரைக்கும் எந்திரிக்கவே கூடாது. பஸ்ஸுல போனா உக்காரணும், எல்லாம் அமுங்கிடும். மாட்டு வண்டியில படுக்க வச்சுக் கொண்டு போறேன்" என்றார்.

அப்படியே செய்தோம். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு ஒரு பலகையில் மல்லாந்தேன். விடியற்காலையில் தோட்டத்து லயன் வீட்டு ஆட்கள் நாலு பேர் பலகையோடு என்னைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். போகிற காரியம் நல்லபடி முடிய வேண்டுமென்று அக்கா மாரியம்மன் கோவில் மாலையை என் கழுத்தில் போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசினாள்.

"எந்திரிச்சு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போடா."

"அதெல்லாம் வேணாம். படுத்துக்கிட்டே கும்பிடுவான்" என்றார் மச்சான்.

கிள்ளான் சடக்கில், அந்தப் பெரிய ரோட்டில் ஏறியதும் வண்டி குலுங்கிய குலுங்கலில் என் கால்கள் ஆளுக்கொரு திசையில் போயின. "காலு நேரா இருந்தாத்தான் இடுப்பு நேரா இருக்கும்" என்று மச்சான் என் இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினார். அடுத்த பள்ளத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். துண்டைக் கிழித்துத் தாடையோடு தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். வெயில் ஏறியது. தான் கொண்டுவந்திருந்த சலவை வேட்டியை எடுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டார். "கண்ணை மூடிக்க. மூச்சை மெதுவா விடு" என்றார்.

மாலை, விபூதி, விரல் கட்டு, தாடைக் கட்டு, வெள்ளைத் துணி. அக்கா கூட வந்திருந்தால் விரலைக் கட்டும்போதே மச்சானின் கையை முறித்திருப்பாள். நாங்கள் இருவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எங்கள் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வழியில் அரைக்கண்ணைத் திறந்து பார்த்தேன். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி ஓரமாக நின்றார். ஒரு மலாய்க்காரர் சொங்கோக்குத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். கார்டு ஆகப்போகிறவனுக்கு இப்போதே என்ன மரியாதை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. (அந்தக் காலத்து என் மூளையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.)

எட்டு மணி சுமாருக்குப் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தோம். அளவு பத்து மணிக்கு. மச்சான் ஒரு கோப்பிக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். "மாடு எளைக்குது. ஒரு கோப்பி குடிச்சிட்டு வந்திர்றேன்" என்று உள்ளே போனார். அவர் கோப்பி குடிப்பதும் முறைப்படிதான். ஒரு பத்திரிகை முழுவதும் படித்தாக வேண்டும்.

முதலில் பாசாரிலிருந்து கீரைக் கூடையோடு வந்த ஓர் அம்மாள் நின்றாள். கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அடுத்து, "யாரு பெத்த ராசாவோ, இப்படி அனாதையா வண்டியில கெடக்குதே" என்று ஆரம்பித்தாள். நல்ல குரல். ஒப்பாரியில் நான் ராசாவானேன், முத்தானேன், தேக்கு மரமானேன். ஐந்தடி மூன்றரையில் ஒரு தேக்கு மரம். என்னை யாரும் அதுவரை அப்படியெல்லாம் சொன்னதில்லை என்பதால், தடுக்க மனமில்லாமல் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான், இவ்வளவு நேரம் கழித்து, விஷயம் புரிந்தது. எழுந்து 'நான் சாகவில்லை' என்று சொல்லலாம். எழுந்தால் அரை அங்குலம் போய்விடும். வாயால் சொல்லலாமென்றால் தாடையில் கட்டு. போகட்டும், அழுதுவிட்டுப் போய்விடுவார்கள் என்று கிடந்தேன். கூட்டம் சேர்ந்தது. யாரோ தலைமாட்டில் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள்.

"எந்த ஊரு ஆளு லா?"

"தெரியல. சின்ன வயசுதான். பையன் மாதிரி இருக்கான்."

"உள்ள இருக்கிறவரு கூட வந்தவராம். பேப்பர் படிக்கிறாரு. கல்நெஞ்சுக்காரன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூட்ஸ் சத்தம் ஒன்று வந்து என் தலைமாட்டில் நின்றது. அரைக்கண்ணால் பார்த்தேன்: வெளுத்த உடுப்போடு வேலைக்குக் கிளம்பிய ரெங்கசாமி மாமா. குவார்ட்டர்ஸ் அடுத்த சந்தில்தான்.

"இது நம்ம கோவிந்தசாமி இல்ல?"

பூட்ஸ் இன்னும் ஓர் எட்டு கிட்டே வந்தது. பிறகு அவர் குரல் உடைந்தது.

"கொஞ்ச நாளைக்கு முன்னாலதான் வீட்டுக்கு வந்தான். பால் நிறுக்கிறவன், கட்டையா வேற இருக்கான்னு வெரட்டி விட்டேன். அந்த ஏக்கத்துலயே போயிட்டானோ என்னமோ. கார்டு வேலையாவது மண்ணாவது, தங்கமான பய. உசுரோட மட்டும் இருந்திருந்தா, இந்தா இத்தனை பேரு முன்னால சொல்றேன், நானே கூப்பிட்டு எம் பொண்ணு தனத்தைக் கட்டிக் குடுத்திருப்பேன்."

என் மூடிய கண்களுக்குள் தண்ணீர் முட்டியது. ஒரு பக்கம் அரை அங்குலம், வேலை, உடுப்பு, கொடி. இன்னொரு பக்கம் இத்தனை பேர் முன்னால் சொன்ன வாக்கு. இப்படியே கிடந்தால் கார்டு ஆவேன். ஆனால் அதற்குள் மாமா மனசு மாறிவிடும். அந்த மனிதரின் இரக்கம் ரயில் நிற்கிற நேரம்கூட நிற்காது. துணிந்து எழுந்து உட்கார்ந்தேன்.

'மாமா, அப்ப சரிங்க' என்று சொல்வதாகத்தான் எண்ணம். தாடைக் கட்டினால் அது "ம்ம்ம்ம்" என்று வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அதைப் பார்த்த கீரைக்கார அம்மாள் கூடையை என் மேலேயே போட்டுவிட்டு ஓடினாள். எனக்கு இன்றும் மரியாதை உள்ள பெரியவர்கள் பலர் அன்று சட்டைப் பொத்தான் தெறிக்க ஓடினார்கள். மாமா ஓடவில்லை. பின்னாலேயே நாலு எட்டு வைத்து, உடுப்போடு சாக்கடையில் உட்கார்ந்தார்.

இந்தக் கலவரத்தில் மாடு மிரண்டு கிளம்பியது. கால் விரல் கட்டோடு குதிக்கவும் முடியாமல், கழுத்தில் மாலையும் தலையில் கீரையுமாக, பலகைமேல் உட்கார்ந்தபடியே நான் பிரிக்பீல்ட்ஸ் நெடுக ஊர்வலம் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் என் முதுகெலும்பு அமுங்குவதை எண்ணிக்கொண்டே போனேன். மச்சான் பத்திரிகையோடு பின்னால் ஓடி வந்தார்.

பத்து மணிக்கு ரயில்வே டாக்டர் அளந்தார். ஐந்தடி மூன்றேகால். போன மாதத்தைவிடக் கால் அங்குலம் குறைவு. பெரிய கிராணி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. வளர்ந்துவிட்டு வரச் சொன்னவர் அவர்.

சரி, வேலைதான் போயிற்று, வாக்காவது இருக்கிறதே என்று மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன். சாக்கடையில் விழுந்து வேலைக்குத் தாமதமான கோபம் அவருக்கு.

"அது செத்தவனுக்குச் சொன்ன வார்த்தைடா. எந்திரிச்சவனுக்கு இல்ல. போடா வெளிய."

நான் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். அப்போது அடுக்களையிலிருந்து தனலட்சுமியின் குரல் வந்தது. அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, உசுரோட இருந்தா கட்டிக் குடுப்பேன்னு தானே சொன்னீங்க? இந்தா, உசுரோடதானே நிக்கிறாரு?"

மாமா அடுக்களைப் பக்கம் திரும்பினார். அவள் விடவில்லை. "கீரைக்கார அக்கா சாட்சி சொல்ல வாசலுக்கே வரேன்னிருக்காங்க. அவங்களுக்குக் கூடை வேற போச்சு."

அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. கீரைக்கார அம்மாளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தோம். ராசா, முத்து, தேக்கு மரம் என்று அழுதவளுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? முதுகு டாக்டரிடமும் ஒருநாள் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாக, "ரெண்டு மைல் நடந்தீங்களா? நிமிந்து உக்காந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வைத்தியம் பண்ணினது நான் இல்ல, உங்க மச்சான்" என்று சொல்லிவிட்டார்.

பால் நிறுத்தே காலம் தள்ளினேன். தனத்துக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. அவள் உயரம் சரியாக ஐந்தடி நாலு. கல்யாணப் போட்டோவில் நான் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளை முறுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

இப்போதும் மதியம் சாப்பிட்டதும் நான் சிறிது நேரம் மல்லாந்து படுப்பதுண்டு. பன்னிரண்டாவது குறிப்பை மட்டும் நான் விட்டதில்லை. தனம் ஓசைப்படாமல் வந்து என் கால் கட்டை விரல்கள் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போவாள். அந்த நேரம் பார்த்து யாராவது என்னைத் தேடி வந்தால், வாசலிலேயே தடுத்து உட்கார வைத்துச் சொல்வாள்:

"எழுப்பாதீங்க. இன்னும் அரை அங்குலம் பாக்கி இருக்கு."